வீணாகும் புகை தரும் வேகம்



சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் செல்லும் வழியில், செமெலிங் அருகே சுங்கை பத்து என்னும் இடம் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய இரும்பு உருக்கு மையம் அது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கு நடத்திய அகழாய்வில், உலைகளோடு களிமண்ணால் செய்த ஊதுகுழாய்களும் ஏராளமாகக் கிடைத்தன. உலைக்குள் காற்றைச் செலுத்தும் குழாய்கள் அவை. கரியை மட்டும் கூடுதலாகக் கொட்டினால் உலை சூடேறாது, காற்றையும் கூடுதலாக ஊத வேண்டும் என்பது அன்றைய உருக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது.

கார் எஞ்சினும் ஓர் உலைதான். அதற்கு ஊதும் துருத்தியின் பெயர் டர்போ. 'டர்போ போட்டால் கார் பறக்கும்' என்று நண்பர்கள் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையில் அங்கே நடப்பதெல்லாம் படிவம் 4, படிவம் 5 இயற்பியல் நூல்களில் நீங்கள் படிக்கும் வாயு விதிகளும் அழுத்தமும் அலைகளும்தான். அந்த விதிகளை மதித்துச் செய்தால் சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். மதிக்காமல் செய்தால் பிஸ்டன் உருகும். எஞ்சினுக்குள் நுழையும் காற்று, புகையாகி வெளியேறும் வரை அதன் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கும்?

ஒரு 1.5 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் அதன் சிலிண்டர்கள் முழுவதும் நிரம்பும். நிமிடத்திற்கு 6,000 சுழற்சி என்றால் 3,000 முறை நிரம்பும். 3,000 × 1.5 = 4,500 லிட்டர். அதாவது நிமிடத்திற்கு 4.5 கன மீட்டர் காற்று. நம் ஊரின் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் பொருண்மை ஏறத்தாழ 1.16 கிலோகிராம். ஆகவே, இழப்புகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இந்த எஞ்சின் நிமிடத்திற்கு 5.2 கிலோகிராம் காற்றை உள்ளிழுக்கிறது.

1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோகிராம் காற்று தேவை. எனவே உள்ளே எவ்வளவு பெட்ரோல் எரியலாம் என்பதைத் தீர்மானிப்பது பெட்ரோல் அல்ல, காற்றுதான். திறன் கூட வேண்டுமானால் கூடுதல் காற்று வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: எஞ்சினைப் பெரிதாக்கலாம், வேகமாகச் சுழற்றலாம், அல்லது அதே இடத்தில் காற்றை அமுக்கித் திணிக்கலாம். மூன்றாவது வழிதான் டர்போவின் வழி.

மலை உச்சியில் பிறந்த பாடம்

கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். அதன் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. அடிவாரத்தில் துள்ளி ஓடும் கார், மேலே ஏறும்போது சற்றுச் சோர்ந்துபோவதற்குச் சரிவு மட்டும் காரணமன்று. மெலிந்த காற்றும் ஒரு காரணம்.

இதே சிக்கல் விமானங்களுக்கு மிகக் கடுமையாக இருந்தது. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மோஸ், ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுசென்றார். கடல்மட்டத்தில் 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின், மலை உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது. எஞ்சின் மாறவில்லை. அது குடித்த காற்றின் அளவு மட்டுமே மாறியது.

இந்த எண்ணத்திற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி. ஆண்டு 1905. ஆனால் வெப்பத்தைத் தாங்கும் உலோகங்கள் அன்று இல்லை. 1925-இல்தான் டீசல் எஞ்சின் ஒன்றின் திறனை 40 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தி அவர் வெற்றி கண்டார். நல்ல எண்ணம் பிறந்த பிறகும், அதைத் தாங்கும் பொருள் பிறக்க 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

புகை சுழற்றும் சக்கரம்

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரங்களை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாக வெப்பமாக வெளியேறுகிறது. மீதி, புகைபோக்கி வழியே வீணாகிறது. இந்த வீணாகும் பங்கில் ஒரு சிறு பகுதியை டர்போ மீட்டெடுக்கிறது.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு விசிறிச் சக்கரங்கள் உள்ளன. ஒன்று, சூடான புகை மோதிச் சுழலும் டர்பைன். மற்றது, வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கும் கம்பிரஸர். புகை டர்பைனைச் சுழற்றுகிறது, அதே தண்டில் உள்ள கம்பிரஸர் எஞ்சினுக்குக் காற்றை ஊதுகிறது.

வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறிய டர்போக்கள் நிமிடத்திற்கு 2,00,000 சுழற்சி வரை எட்டும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் இந்த வேகத்தில் சுழன்றால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 420 மீட்டர் ஓடும். காற்றில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 350 மீட்டர்தான்! டர்பைனைத் தொடும் பெட்ரோல் எஞ்சின் புகையின் வெப்பமோ 900 பாகையைத் தாண்டக்கூடும். அதனால்தான் டர்பைன் சக்கரத்தை நிக்கல் கலவை உலோகத்தில் செய்கிறார்கள். குளிர்ந்த பக்கத்திலுள்ள கம்பிரஸருக்கு அலுமினியம் போதும்.

பெரும்பாலான டர்போக்களில் இந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. விரைவாக ஓட்டிவிட்டு எஞ்சினைச் சட்டென அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். ஆகவே கடுமையாக ஓட்டிய பின் சிறிது நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைப்பது நல்லது.

புகை கூடினால் டர்போ வேகம் கூடும், அதனால் காற்று கூடும், அதனால் புகை இன்னும் கூடும். இந்தச் சுழலுக்குக் கடிவாளம் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட புகையை டர்பைனைத் தொடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் அடைப்பான் ஒன்று உண்டு. அதன் பெயர் வேஸ்ட்கேட்.

அமுக்கினால் சூடாகும்

சைக்கிள் டயருக்குக் காற்றடித்த பின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கப்படும் வாயு சூடேறுகிறது. டர்போவிலும் அப்படித்தான்.

வெளிக்காற்றைவிட 0.5 பார் கூடுதல் அழுத்தம் தருவதாக வைத்துக்கொள்வோம். பட்டறை மொழியில் இதற்குப் 'பூஸ்ட்' என்று பெயர். இப்போது அழுத்தம் 1.5 மடங்கு. காற்றும் 1.5 மடங்கு உள்ளே போகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 30 பாகையில் நுழைந்த காற்று, கம்பிரஸரை விட்டு வரும்போது ஏறத்தாழ 83 பாகை ஆகிவிடுகிறது. வாயுவின் அடர்த்தி, அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்திலும் மாறும். எனவே:

1.5 × 303 ÷ 356 = 1.28

50 விழுக்காடு எதிர்பார்த்த இடத்தில் 28 விழுக்காடுதான் கிடைத்தது! இந்தச் சூடான காற்றை, காரின் முன்புறம் பொருத்திய இண்டர்கூலர் வழியே செலுத்தி 45 பாகைக்குக் குளிர்வித்தால்:

1.5 × 303 ÷ 318 = 1.43

டர்போவைத் தொடாமலே கூடுதல் காற்று 28-இலிருந்து 43 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பார்ப்பதற்கு ரேடியேட்டர்போல இருக்கும் அந்த அலுமினியப் பெட்டி ஏன் இன்றியமையாதது என்பது இப்போது புரிகிறதா?

நம் நாட்டுக் கார்களில் பாருங்கள்

2012-இல் வெளிவந்த புரோட்டோன் பிரெவே கார் இரண்டு வகை 1.6 லிட்டர் எஞ்சின்களோடு விற்கப்பட்டது. டர்போ இல்லாத வகையின் முறுக்கு விசை 150 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ள வகையின் முறுக்கு விசை 205. ஏறத்தாழ 37 விழுக்காடு கூடுதல். நாம் கணக்குப் போட்ட அளவுக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது பாருங்கள்.

2021-இல் வந்த பெரோடுவா அத்திவா இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. அதில் உள்ளது மூன்று சிலிண்டர் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின். 98 குதிரைத் திறன், 140 நியூட்டன் மீட்டர். 1.5 லிட்டர் மைவி எஞ்சின் தருவது ஏறத்தாழ 102 குதிரைத் திறன், 137 நியூட்டன் மீட்டர். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கே உள்ள எஞ்சின், ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. மேலும், மைவியின் உச்ச முறுக்கு விசை 4,000 சுழற்சியைத் தாண்டிய பிறகே கிடைக்கும். அத்திவாவில் 2,400-லேயே கிடைத்துவிடும்.

பெட்ரோல் பின்தங்கினால்?

தொழிற்சாலையில் டர்போவோடு பிறந்த எஞ்சினுக்கும், டர்போ இல்லாமல் பிறந்து பட்டறையில் அதைப் பெறும் எஞ்சினுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. டர்போ எஞ்சின்களின் பிஸ்டன்களையும் அமுக்க விகிதத்தையும் தொடக்கத்திலேயே அதற்கேற்ப வடிவமைக்கிறார்கள். பட்டறையில் இதையெல்லாம் தனித்தனியே கவனிக்க வேண்டும். முதல் கவனம் பெட்ரோல்.

நம் 1.5 லிட்டர் எஞ்சின், டர்போ இல்லாமல் முழு விசையில் ஓடும்போது 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் எடுக்கிறது என்போம். 5.2 ÷ 13 = 0.40 கிலோகிராம். டர்போ பொருத்திய பின் காற்று 7.4 கிலோகிராம். வெப்பத்தைக் குறைக்கக் கலவையைச் சற்றுச் செறிவாக, 12-க்கு 1 என வைக்கிறார்கள். 7.4 ÷ 12 = 0.62 கிலோகிராம். நிமிடத்திற்கு 55 விழுக்காடு கூடுதல் பெட்ரோல் வேண்டும்! பழைய இன்ஜெக்டர்களும் பெட்ரோல் பம்பும் அவ்வளவு தரமுடியுமா? தரமுடியாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, எரியும் வெப்பம் கட்டுமீறும்.

அப்போது நிகழ்வதுதான் 'நாக்கிங்' என்னும் தட்டல். சாதாரணமாக, ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து தீ சீராகப் பரவும். அழுத்தமும் வெப்பமும் அளவு மீறினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் உள்ள கலவை தானாக வெடிக்கும். சுத்தியலால் அடித்ததுபோல அழுத்த அலைகள் பிஸ்டனைத் தாக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும். பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழச் சில விநாடிகள் போதும்.

பெட்ரோல் நிலையத்தில் காணும் ரோன் 95, ரோன் 97 என்னும் எண்கள் இந்தத் தட்டலை எதிர்க்கும் தன்மையைத்தான் குறிக்கின்றன. எண் கூடினால் பெட்ரோலின் ஆற்றல் கூடிவிடாது, அமுக்கத்தைத் தாங்கும் தன்மைதான் கூடுகிறது. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்கப்பட்ட முதல் கார்களில் ஒன்று. தட்டலைத் தடுக்க அதில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அந்தத் திரவத்தை நிரப்பப் பலர் மறந்ததால் அந்தக் கார் வெற்றி பெறவில்லை. இன்று அந்தக் காவல் வேலையை உணரிகளும் இ.சி.யூ. என்னும் கணினியும் செய்கின்றன. நல்ல பட்டறையில் டர்போ பொருத்தியவுடன் காரைச் சாலைக்கு அனுப்பமாட்டார்கள். டைனோ என்னும் உருளைகளின் மீது ஓடவிட்டு, புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளந்து, பெட்ரோலையும் பொறி விழும் நேரத்தையும் படிப்படியாகச் சரிசெய்வார்கள்.

புகைக்குழாய்: டர்போவுக்கு முன்னும் பின்னும்

டர்போவுக்கு முன்னும் பின்னும் உள்ள குழாய்களுக்கு நேர்மாறான தேவைகள் உண்டு. டர்பைனைச் சுழற்றுவது அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த, வெப்ப வேறுபாடு. எனவே எஞ்சினிலிருந்து டர்போ வரையுள்ள குழாய்கள் குட்டையாக, வெப்பத்தைச் சிந்தாமல் இருக்க வேண்டும். பலர் அவற்றின் மேல் வெப்பக்காப்பு நாடாவைச் சுற்றுவது இதற்காகத்தான். டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயோ அகலமாக, தடையின்றிப் புகையை வெளிவிட வேண்டும்.

குழாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 அங்குலக் குழாயை 2.5 அங்குலமாக மாற்றினால் விட்டம் 25 விழுக்காடுதான் கூடும், ஆனால் பரப்பு 56 விழுக்காடு கூடும். டர்போ இல்லாத காரில் இது எப்போதும் நன்மையன்று. அங்கே ஒரு சிலிண்டரின் புகைத்துடிப்பு, விரைந்து ஓடும்போது, அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துச் செல்ல உதவுகிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் புகை வேகம் இழக்கும். குறைந்த சுழற்சியில் காரின் இழுவையும் குறையும்.

உலோகம் சூட்டில் நீளும் என்பதையும் மறக்கக்கூடாது. 1 மீட்டர் துருவேறா எஃகுக் குழாய் 500 பாகை சூடேறினால் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் நீளும். இறுக்கிப் பிடித்தால் பற்றவைப்பு விரிசல் விடும். ஆகவே நடுவே வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாயை வைக்கிறார்கள். புகைக்குழாயைக் காரின் அடியில் தொங்கவிடுவது ரப்பர் வளையங்கள். ஆனால் நம் தோட்டங்களின் இயற்கை ரப்பர் நீண்ட நேரம் 100 பாகையைத் தாங்காது. அதனால் சூடு மிகுந்த இடங்களில் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள்கள் பயன்படுகின்றன.

பற்றவைப்பிலும் அறிவியல் உண்டு. எஃகு உருகும்போது காற்று பட்டால் ஆக்சைடு பொருக்குகள் உண்டாகும். எனவே வெளிப்புறம் மட்டுமன்றிக் குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் வாயுவைச் செலுத்திப் பற்றவைப்பார்கள். உள்ளே ஒட்டிய ஒரு சிறு பொருக்கு பெயர்ந்து போனாலும், அத்தனை வேகத்தில் சுழலும் டர்பைனின் இதழை உடைத்துவிடும்.

சத்தம் திறன் அல்ல

சைலன்சரைக் கழற்றினால் கார் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். கணக்கு என்ன சொல்கிறது? 1 மீட்டர் தூரத்தில் 110 டெசிபெல் என்பது காதைப் பிளக்கும் சத்தம். அதன் செறிவு ஒரு சதுர மீட்டருக்கு 0.1 வாட். அந்தச் சத்தம் ஓர் அரைக்கோளமாகப் பரவுகிறது என்றால், மொத்த ஒலித்திறன் ஏறத்தாழ 0.6 வாட். மைவி எஞ்சினின் உச்சத் திறனோ 75,000 வாட். நள்ளிரவில் தாமானையே எழுப்பும் அந்த உறுமல், ஓர் எல்.இ.டி. விளக்கின் திறனுக்குக்கூட ஈடாகாது.

சைலன்சர் இந்த ஒலியை இரண்டு வழிகளில் அடக்குகிறது. உள்ளே அலையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அரை அலைநீளம் கூடுதலாக ஓடவிட்டால், மீண்டும் சேரும்போது முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்கும். இது நீங்கள் படிக்கும் குறுக்கீடு. இன்னொரு வகையில், துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை வைத்து, ஒலியாற்றலை வெப்பமாக மாற்றுகிறார்கள். நன்றாக வடிவமைத்த சைலன்சர் புகையை விட்டுவிட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியையும் சிலர் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைக் கொண்ட அந்தப் பகுதிதான் நச்சான கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத பெட்ரோலையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கசியும் புகைக்குழாயோடு, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகளும், பெட்ரோல் எஞ்சின் புகையைப் பற்றிய 1996-ஆம் ஆண்டின் விதிமுறைகளும் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வந்தவை. எஞ்சினில் இத்தகைய மாற்றம் செய்து சாலையில் ஓட்ட விரும்புவோர் ஜே.பி.ஜே.யின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

பற்றவைப்பும் எஞ்சின் வேலையும் உங்களில் பலருக்குப் பிடித்த தொழிலாகலாம். தொழிற்கல்லூரிகளிலும், ஜித்ராவிலும் கூலிமிலும் உள்ள போலிடெக்னிக்குகளிலும் தொழில்நுட்பக் கல்விக்கு வழி இருக்கிறது. கையில் ஸ்பானர் பிடிப்பவர் மனத்தில் வாயு விதியும் இருந்தால், எஞ்சின் ஏன் உடைந்தது என்று பின்னால் தேடவேண்டியதில்லை. எங்கே உடையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பயிற்சி

1. வெளிக்காற்று 30 பாகை. பூஸ்ட் 1 பார், அதாவது மொத்த அழுத்தம் 2 மடங்கு. இண்டர்கூலருக்குப் பின் காற்று 50 பாகை. காற்றின் அடர்த்தி எத்தனை மடங்கு ஆகும்?

2. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை 60 மில்லிமீட்டராக மாற்றினால் பரப்பு எத்தனை விழுக்காடு கூடும்?

3. ஜெராய் மலை ஏறும்போது மைவியைவிட அத்திவா குறைவாகச் சோர்வது ஏன்?

விடைகள்: (1) 2 × 303 ÷ 323 = 1.88 மடங்கு. (2) 44 விழுக்காடு. (3) மலைமேல் காற்று மெலிந்தாலும், டர்போ கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. 1918-இல் பைக்ஸ் பீக் மலையில் மோஸ் கண்டதும் இதுதான்.